தார் ஆறட்டும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உச்சிவெயில். ஓரத்தில் தார்ப் பீப்பாய் கொதித்துப் புகைகிறது. கடல்காற்றிலும் அதே நெடி. காலில் சாக்குச் சுற்றிய பெண்கள், தார் கலந்த சூடான ஜல்லியைச் சட்டியில் சுமந்து கொட்டுகிறார்கள். அந்த வரிசையில் தேசம்மாவுக்கு முன்னால் போன காத்தூன் பீவி அலறிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். சாக்குக் கிழிசல் வழியாகத் தார் பாதத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது. பிய்த்தால் தோலும் கூடவே வரும். தேசம்மா குடத்துத் தண்ணீரை அந்தக் காலில் ஊற்றுகிறாள். "இன்னா வேடிக்கை? தார் ஆறிட்டா ரோலர் வுட்டாலும் படியாது. அவளை ஓரமா இட்டுக்கினு போய் வுட்டுட்டு சட்டியத் தூக்குங்கடி!" என்று கத்துகிறான் மேஸ்திரி. தேசம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறாள். "நல்ல சாக்கு குடுன்னு காலைலயே கெஞ்சுனாளே! கால் வெந்துகினு கீது, உனுக்குத் தாரு பெர்சா பூட்ச்சா?" விறுவிறுவென்று நடந்து, வந்துகொண்டிருக்கும் ரோலருக்கு எதிரே நிற்கிறாள். "ஆஸ்பத்திரிக்கு வண்டி வர வரிக்கும் இது நவுராது." ரோலர் ஓட்டுகிறவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறார், நீராவி சீறி அடங்குகிறது. மற்றப் பெண்களும் சட்டிகளைக் கீழே வைக்கிறார்கள். "அல்லாருக்கும் வேலை பூடும்!" என்கிறான் மேஸ்திரி. யாரும் அசையவில்லை. கொட்டிய தார் பளபளப்பு மங்கி, கட்டி கட்டியாக இறுகுகிறது. அதைக் குனிந்து தொட்டுப் பார்க்கிற மேஸ்திரி, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே வரும் ஜட்கா வண்டியைக் கைதட்டிக் கூப்பிடுகிறான்.