முதுகைத் திருப்பு

"நெஃப்தாலி ரோசா மட்டையோட வந்து நின்னதும் எல்லாரும் எழுந்து முதுகைத் திருப்பிடணும். ஒருத்தர்கூடக் கை தட்டக் கூடாது. சரியா?"

படிக்கட்டில் நின்று கத்தினாள் ஆட்ரி. பஃபலோ பேஸ்பால் ஸ்டேடியத்தின் அந்த கேலரி மொத்தமும், "சரி!" என்று திருப்பிக் கத்தியது.

கோபம் வராதா பின்னே? வருஷக்கணக்காக ஹோம் ரன்னாக விளாசிய கோல்பி ட்ரென்ட்டை நேற்று வேறு அணிக்குத் தாரைவார்த்துவிட்டது உள்ளூர் ஹெரான்ஸ் அணி நிர்வாகம். பதிலுக்கு வாங்கியது பேர் தெரியாத மூன்று பொடியன்களை. இரண்டு பேர் பந்து வீசுகிறவர்கள். சின்ன லீக்கில் இன்னும் பழக வேண்டியவர்கள். மூன்றாமவன்தான் ரோசா. இன்றைக்கே கோல்பியின் இடத்தில் ஆடப்போகிறான்!

"பந்து வீசற ரெண்டு பேர்ல அந்த நெட்டைப் பய கண்டிப்பா தேறுவான், ஆட்ரி," என்றான் அவளோடு சட்டம் படிக்கும் ஓரின். "என்ன வேகம்! ரெண்டு வருஷம் போகட்டும், கோப்பை நமக்குத்தான்."

"தோள்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட அந்த இடதுகைக்காரன்?"

"அவனும் தேறுவான். இல்லேன்னா மொட்டை அடிச்சுக்கறேன்."

"இப்பவே அடிச்சுக்கோ. வெயிலுக்கு நல்லாருக்கும்."

பின் வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் குறுக்கிட்டது. "மூணு பேர்ல அந்த ரோசாதான் படுமோசம்!"

திரும்பினார்கள். வெளியூர் அணித் தொப்பி, தொந்தி, மடியில் ஒரு பை வேர்க்கடலை.

"சரியாச் சொன்னீங்க சார்!" என்றாள் ஆட்ரி.

"சோம்பேறிப் பய. வர்ற பந்துல பாதியை அடிக்கவே மாட்டான். சும்மா பார்த்துக்கிட்டு நிப்பான். பயந்தாங்கொள்ளி."

ஆட்ரியின் புருவம் உயர்ந்தது. "ஒரு நிமிஷம். அவன் விடற பந்தெல்லாம் தப்பான பந்தா?"

"ஆமா. நாலு தப்பான பந்தை விட்டுட்டு, ஓசியில முதல் பேஸுக்கு நடந்து போயிடுவான்."

"அது பயமா சார்? பொறுமை! கோல்பிகிட்ட இல்லாததே அதானே? கண்டதுக்கெல்லாம் வீசி அவுட் ஆவார்."

"ஏய், கோல்பியோட சட்டையைப் போட்டுக்கிட்டு அவரையே குறை சொல்றியா?" என்றான் ஓரின்.

"சட்டை வேற, நியாயம் வேற!"

தொப்பிக்காரர் ஒரு கடலையை உடைத்தார். "பொறுமையோ கிறுமையோ. போன வருஷம் விரல் உடைஞ்சதை வெளிய சொல்லாமலே ஆடினான். மூளை வேணாம்?"

"அணிக்காக வலியைத் தாங்கினவன் மூளை இல்லாதவனா?"

"மேட்ச் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் தனியா நின்னு அடிச்சுப் பழகறான். திறமை இருந்தா அது எதுக்கு, பாப்பா?"

"பாப்பான்னு கூப்பிடாதீங்க! உழைக்கிறது உங்களுக்குக் கேவலமா?" ஆட்ரி எழுந்தே விட்டாள். நாலைந்து வரிசைகள் திரும்பிப் பார்த்தன. "பதினேழு வயசுல டொமினிக்கன் நாட்டுலேர்ந்து பாஷைகூடத் தெரியாம வந்த பையன் சார் அவன்! திட்டறதுக்காகத்தான் காலையில தேடிப் படிச்சேன். ஆனாலும் உண்மை உண்மைதானே?"

"வந்து என்னத்தைக் கிழிச்சான்?"

"இன்னும் ஒரு பந்துகூட ஆடலை, அதுக்குள்ள தீர்ப்பா? நிர்வாகம் பண்ணின கூத்துக்கு அவன் என்ன செய்வான்? கோல்பியை அவனா வித்தான்?"

"அதானே!" என்றது முன் வரிசை.

"யோவ் தொப்பி, வாயை மூடு!" என்று யாரோ பாப்கார்னை விட்டெறிந்தார்கள். தொப்பிக்காரர் துடைத்துக்கொண்டு அசராமல் உட்கார்ந்திருந்தார்.

ஒலிபெருக்கி ரோசாவின் பெயரைச் சொன்னது. ஸ்டேடியம் முழுக்க ஊளைச் சத்தம்.

"ஆட்ரி, முதுகு?" என்றான் ஓரின்.

"என்ன முதுகு?"

"திருப்பணும்னியே?"

"அநாகரிகம்டா அது! கை தட்டு!"

அந்த ஒரு கேலரி மட்டும் எழுந்து, மைதானத்தைப் பார்த்தபடியே, "ரோ-சா! ரோ-சா!" என்று அதிர்ந்தது.

பந்துக்கு மேல் பந்தாகத் தாக்குப் பிடித்தான் ரோசா. கடைசியில் ஒன்று ஏமாற்றிவிட்டது. அவுட்.

"பரவால்ல தம்பி! அடுத்த தடவை பின்னிடு!" தொண்டை கட்டக் கத்தினாள் ஆட்ரி.

தலை குனிந்து திரும்பியவன் சத்தம் வந்த பக்கம் நிமிர்ந்தான். யாரையோ தேடினான். சட்டென்று முகம் மலர்ந்து, ஹெல்மெட்டைத் தொட்டான்.

"எனக்குத்தான்டா!" ஆட்ரி குதித்தாள்.

ஆனால் அவன் பார்வை அவள் தலைக்கு மேலே போயிருந்தது. திரும்பினாள். தொப்பிக்காரர் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அவனுக்கு... உங்களைத் தெரியுமா?"

"எங்க வீட்டு மாடியிலதாம்மா இருந்தான். சின்ன லீக்ல ஆட வர்ற பசங்களை எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தரா வெச்சுக்குவோம். என் பொண்டாட்டி கையால தின்னு வளர்ந்தவன் இவன்."

"அப்புறம் ஏன் சார் அந்தத் திட்டு திட்டினீங்க?"

"எங்க ஊர்ல அவனோட முதல் மேட்ச்ல, தங்கமான பையன்னு வாய் நிறையப் புகழ்ந்தேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் சேர்ந்து அவனைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க." கடலைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வரேன் பாப்பா. அவன் மறுபடி ஆட வர்றதுக்குள்ள நிறைய வேலை இருக்கு."



சற்று நேரத்தில், பக்கத்து கேலரியிலிருந்து அதே கரகரத்த குரல் கேட்டது. "மூணு பேர்ல அந்த ரோசாதான் படுமோசம்!"