கீறல் விழாத தலைவி

எத்தனையோ போருக்குப் போய்வந்தும் அந்தக் குதிரைப்படைத் தலைவியின் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வீரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். "போயும் போயும் ஒரு மந்திரவாதியைக் கட்டிக்கிட்டாளே" என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்வார்கள்.

இன்று போருக்குக் கிளம்பும் அவசரத்தில் இடுப்புவாரைத் தேடியபோது, கணவனின் பெட்டிக்குள் ரத்தக்கறை படிந்த சட்டைகள் கிடந்தன. அவளுக்குச் சுருக்கென்றது. நான் இல்லாத நேரத்தில் இவன் எங்கே போகிறான்? எதிரிக்கு உளவு சொல்லவா?

"யாரு ரத்தம் இது?"

"காய் நறுக்கும்போது கை வெட்டிக்கிச்சு."

"கை வெட்டினா முதுகுல எப்படிக் கறை?"

அவன் சட்டைகளைப் பிடுங்கிப் பெட்டிக்குள் திணித்தான்.

"உண்மையைச் சொல்லுங்க!" ஆத்திரத்தில் வாளை உருவினாள். உருவிய வேகத்தில் அது அவளுடைய இடது உள்ளங்கையையே இழுத்துவிட்டது.

வலிக்கவில்லை. சின்னக் கோடுகூட இல்லை.

அவன்தான் "அம்மா!" என்று அலறினான். பொத்திய இடது கையின் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"கல்யாணத்தன்னைக்கே போட்ட மந்திரம்" என்றான். "முன்னாடியே சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே."

வெளியே போர்முரசு முழங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.