தூக்கிக் குடித்த தண்ணீர்

அவள் கோப்பையை வாய்க்கு ஒரு சாண் மேலே தூக்கிச் சாய்த்தாள்.

தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

வாசலில் நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. விருதுநகர்க்காரி தண்ணீர் குடிப்பதை ஸ்லோவாக்கியாவில் வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால் சும்மாவா?

வீட்டுக்காரி யோலானா மட்டும் பார்க்கவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தங்க விளிம்பும் ரோஜாவும் போட்ட கோப்பை அது. விருந்தாளிக்கென்று கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தது.

மறுநாள் காலை ஒரு பிள்ளையும் வரவில்லை.

கோலாட்டக் குச்சிகள் பெட்டியில் அப்படியே கிடந்தன. ஓடைக்கு இந்தப் பக்கம் கிராமமும் பிள்ளைகள் முகாமும். அந்தப் பக்கம் ஊரார் ஒதுக்கி வைத்த ரோமா இன மக்களின் குடிசைகள். சனிக்கிழமை இந்தப் பிள்ளைகள் முதல்முறையாகக் கிராமத்து மேடையில் ஏறி ஆட வேண்டும். அதற்காகத்தான் கோடை விடுமுறை முழுக்க இங்கே வந்து, அடிபட்டு, விரல் வீங்கி, கோலாட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யோலானாவின் மகள் ரெனாட்காதான் அவளுக்கு ஜோடி. குச்சியை விட விரலைத்தான் சரியாக அடிப்பாள்.

முகாமை நடத்தும் பீட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னான். கிராமத்துக் கடையில் எல்லாருக்கும் பீங்கான் கோப்பை. இவர்களுக்கு மட்டும் காகிதக் கப். இவர்கள் வீட்டில் வெளியாட்கள் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நீ குடித்தாய். ஆனால் வாய் வைக்கவில்லை.

அவளுக்குச் சுரீரென்றது.

அவள் அப்பா சிறுவனாக இருந்தபோது ஊர் டீக்கடையில் மற்றவர்களுக்கு டம்ளர். அவருக்குச் சிரட்டை. அதனால்தான் அவர் வீட்டில் அந்தச் சட்டம். யார் வீட்டுக்குப் போனாலும் தூக்கிக் குடி. நம்மால் எச்சில் பட்டது என்று ஒருத்தர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. மறந்து டம்ளரில் வாயை வைத்தால் முதுகில் ஒன்று வைப்பார்.

தன் வாய் படக் கூடாதென்று தூக்கிக் குடித்தாள். தங்கள் கோப்பை அவளுக்கு ஆகாதென்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதை எந்த மொழியில் சொல்வது?

மன்னிப்பு கேட்க ஒரு சொல்லைப் பீட்டரிடம் கற்றுக்கொண்டு கிளம்பினாள். மரப்பாலத்தைத் தாண்டுவதற்குள் அது மறந்துபோயிற்று.

யோலானா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஒரு போர்வையை விரித்து நடுவில் போட்டாள்.

அவள் போர்வைக்கு மேலாக எட்டி, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். தாகம்.

யோலானா இன்னொரு துணியை உதறிப் போட்டாள். பிறகு உள்ளே போனாள். வரும்போது கையில் காகிதக் கப்.

கிராமத்துக் கடையின் கப்.

அவள் அதை வாங்கவில்லை. தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, கண்ணாடி அலமாரியைக் கை நீட்டிக் காட்டினாள். அதுதான் வேண்டும். ரோஜா போட்டது.

கதவிடுக்கில் ரெனாட்கா களுக்கென்று சிரித்தாள். அவள் சட்டை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. பின்னால் நின்ற அத்தனை வாண்டுகளின் சட்டையும் அப்படித்தான். காலையிலிருந்து அவளைப் போலவே தூக்கிக் குடித்துப் பழகியிருக்கிறார்கள்.

யோலானா கோப்பையை எடுத்து வந்தாள். நீட்டினாள். கண்ணை எடுக்கவில்லை.

அவள் வாய் வைத்தாள். உதடு அழுந்த வைத்தாள்.

பழக்கமில்லாத வாய். இரண்டாம் மடக்கிலேயே புரையேறியது. தண்ணீர் மூக்கில் ஏறி, தாடையில் வழிந்து, சட்டை நனைந்து, கண் பிதுங்கி நின்றாள்.

யோலானா அவள் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். இன்னொன்று. மூன்றாவது அறைக்குள் யோலானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

யோலானா திரும்பி ஏதோ அதட்டினாள். பிள்ளைகள் பாலத்தை நோக்கி ஓடினார்கள். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து குச்சிச் சத்தம் கேட்டது. தாளம் எக்கச்சக்கமாக இருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

யோலானா வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டாள். அதே கோப்பையில் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

புரையேறினால் ஊரில் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். நினைத்தவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா செய்ற?"

"காபி குடிக்கிறேன்ப்பா. ரெனாட்கா இருக்கால்ல, அவங்க அம்மா குடுத்தது. அவங்க வீட்டுக் கோப்பையில. வாய் வச்சுக் குடிக்கிறேன்."

அவள் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினாள்.

யோலானா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி பிடிக்கவில்லையோ என்று தோன்றியிருக்க வேண்டும். எட்டி அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கி, அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்து ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, திரும்ப அவள் கையில் கொடுத்தாள்.

"ஏம்மா," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. "அவங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சொன்னாங்கப்பா."

"என்ன சொன்னாங்க?"

"சர்க்கரை பத்தலையாம்."