கிளைவ் வாங்கிய புகை வரி

ஐரிஸை ஏமாற்றிக்கொண்டிருந்தவர் கீழ் வீட்டு கிளைவ். வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பன்னிரண்டரை பவுண்டு. அதுவும் இல்லாத வரிக்கு.

ஜெம்மா அதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான்.

கல்லூரி விவாத மேடையில் அவளுக்குக் கிடைத்த தலைப்பு, ‘லண்டன் புகை வரி ஏழையை வதைக்கவில்லை’. அதிகம் புகை கக்கும் பழைய வண்டியை ஊருக்குள் எடுத்தால் அன்றைக்குப் பன்னிரண்டரை பவுண்டு கட்ட வேண்டும். அப்படிக் கட்டிக்கொண்டு கார் ஓட்ட என்ன செலவாகும் என்று ஓர் உதாரணக் கணக்கு தேவைப்பட்டது. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தோழி ஐரிஸ் இருக்கும்போது உதாரணத்துக்கு எங்கே போவானேன்?

ஐரிஸுக்கு முழங்கால் உடைந்து மாவுக்கட்டு. பேருந்தில் ஏறி இறங்க முடியாது. ஆய்வக வகுப்பைத் தவறவிட்டால் அந்த வருடமே போய்விடும். கிளைவ்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறார்.

“கிளைவுக்கு நீ எவ்வளவு குடுக்கறே?”

“புகை வரி மட்டும்தான். பெட்ரோலுக்குன்னு குடுத்தா கையாலயே தொட மாட்டேங்கிறாரு.”

“அடேயப்பா, தாராள மனசுதான்,” என்றாள் ஜெம்மா.

ஜன்னல் வழியே அவர் காரின் எண்ணைப் பார்த்து, வரி கட்டும் இணையப் பக்கத்தில் தட்டினாள்.

‘இந்த வண்டிக்குக் கட்டணம் இல்லை.’

எண்ணை மாற்றித் தட்டிவிட்டோமோ என்று மறுபடி தட்டினாள். அதே பதில்.

அப்புறம்தான் உறைத்தது. கிளைவ் குழாய் வேலை செய்பவர். ஐரிஸ் காலை உடைத்துக்கொண்ட புதிதில் அவரிடம் இருந்தது ஒரு கிழட்டு டீசல் வேன். அதற்கு வரி உண்டு. அந்த வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இப்போது அக்காவின் பழைய பெட்ரோல் காரை ஓட்டுகிறார். அது அந்த அளவு புகை கக்காது. வேன் போய்விட்டது. வரி மட்டும் போகவில்லை.

ஐரிஸிடம் உடனே சொல்லவில்லை. சொன்னால், ‘பாவம்டீ, விட்டுடு’ என்பாள். முதலில் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் படிக்கட்டில் மடக்கினாள்.

“புகை வரி கட்டறது பெரிய தொல்லையாமே கிளைவ்? எப்படிக் கட்டறீங்க, போன்லயா?”

கிளைவ் சாவிக்கொத்தைத் தேய்த்தார்.

“அது... கட்டிடறதுதான் கண்ணு. இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி இல்ல?”

குளிரே இல்லை.

அடுத்த நாள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஐரிஸ் நோட்டை நீட்டினாள். கிளைவ் வாங்கினார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கோட்டின் உள்பைக்குள் தள்ளினார். யோக்கியன் எதற்குத் தெருவைப் பார்க்க வேண்டும்?

நொண்டிக்கொண்டு படிக்கப் போகிற பெண்ணிடம் திருட்டு. கேட்க ஆளில்லை என்ற தைரியம்.

வெள்ளிக்கிழமை காலை கிளைவ் வாசலுக்கு வந்தார். ஐரிஸின் ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தார்.

ஜெம்மா வழியை மறித்தாள்.

“கிளைவ், ஒரே ஒரு கேள்வி. இந்தக் காருக்குப் புகை வரி உண்டா?”

“ஜெம்மா, நேரமாச்சு,” என்றாள் ஐரிஸ்.

“நீ இரு. அவர் சொல்லட்டும்.”

கிளைவின் காது சிவந்தது. ஐரிஸைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“இல்ல.”

“அப்ப வாரத்துக்கு மூணு தடவை வாங்கறீங்களே, அதுக்கு என்ன பேரு?”

“ஜெம்மா,” என்றாள் ஐரிஸ் மறுபடி.

“வாங்கியிருக்கக் கூடாது,” என்றார் கிளைவ். “நீ கேட்டது நியாயம்தான்.”

அவர் ஒரு சாக்குப்போக்குகூடச் சொல்லவில்லை. பதில் வாதத்துக்குத் தயாராக வந்திருந்த ஜெம்மாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“இன்னிக்கு உன்னைக் கொண்டு விட்டுடறேன் ஐரிஸ். கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன். இனிமே வேற ஏற்பாடு பாத்துக்கோ கண்ணு.”

அவர் காரை எடுக்கப் போனார். நடையே மாறியிருந்தது.

“பாத்தியா?” என்றாள் ஜெம்மா. “ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாரா? இத்தனை நாளா உன்னை முட்டாளாக்கியிருக்காரு. நீயும் நம்பி நம்பிக் குடுத்திருக்கே.”

ஐரிஸ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் நம்பலையே.”

“என்னது?”

“இந்தக் காரைக் கொண்டு வந்த முதல் நாளே சொல்லிட்டாரு, ‘இதுக்கு வரி கிடையாது கண்ணு’ன்னு. நான் காதுல விழாத மாதிரி மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். அவர் மடியில நோட்டை வெச்சேன். அவரும் ரெண்டாவது தடவை சொல்லல.”

“தெரிஞ்சே குடுத்தியா? எதுக்கு?”

“வேன் இல்லாம அவர் பாய்லரை எதுல ஏத்திட்டுப் போவாரு? பெரிய வேலை ஒண்ணும் வர்றதில்ல. ராத்திரியில வீட்டுல ஹீட்டர் போடறதில்ல, கோட்டோட உக்காந்திருக்காரு. டாக்ஸிக்குன்னு எனக்குக் கல்லூரி தர்ற காசு அது. வேற எந்தப் பேரைச் சொல்லிக் குடுத்தாலும் திருப்பிக் குடுத்துடுவாரு. வரின்னா மட்டும்தான் அவரால தலை நிமிர்ந்து வாங்க முடிஞ்சுது.”

வெளியே கார் உறுமியது. ஐரிஸ் ஊன்றுகோலை அக்குளில் கொடுத்துக்கொண்டாள்.

“நீதான் வாதாடறதுல கெட்டிக்காரியாச்சே ஜெம்மா. நான் கார்ல போய் ஏறுறதுக்குள்ள ஒண்ணு யோசிச்சுச் சொல்லு. இனிமே அவருக்கு நான் எந்தப் பேரைச் சொல்லிக் குடுக்கிறது?”