கோடு படுத்துவிட்டது

கூட்ட அறையின் சுவரில், நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பின் மென்பொருளில் இதுவரை பிடிபட்ட பிழைகளைக் காட்டும் வளைகோடு விறுவிறுவென்று ஏறி, கடைசியில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறது. "ஒரு மாசமாப் புதுசா ஒரு தப்புகூட இல்ல. சாஃப்ட்வேர் சுத்தமாயிடுச்சு," என்கிறார் மேலாளர். ஜன்னல் திரையின் இடுக்கில் நுழைந்த மதிய வெயில் அவருடைய மோதிரத்தில் மின்னுகிறது. அந்தக் கோட்டைக் கணக்கிட்டு வரைந்த புள்ளியியலாளர் மேசைக் கோடியில் தயங்கி வாயைத் திறக்கிறார். "தேடறவங்களையே போன மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டோமே சார். தேடாம எப்படிக் கிடைக்கும்?" "கிடைக்காததை எதுக்குய்யா தேடணும்?" அறை சிரிக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அப்படி அனுப்பப்பட்ட சோதனைக்காரியின் நாற்காலியில் காலி அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. எதையாவது நோண்டிக்கொண்டே இருந்ததால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் குடைச்சல். "நர்ஸுங்க அவசரத்துல ரெண்டு பட்டனையும் சேத்துதான் அமுக்குவாங்க, அதையும் பாக்கணும்" என்று போகிற அன்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள். நாளை ஆஸ்பத்திரிகளுக்குப் போகவிருக்கும் பம்பு மேசை நடுவே ஓடுகிறது. குழாய் நுனியிலிருந்து கிண்ணத்தில் சொட்டு விழும் சத்தம் சீராகக் கேட்கிறது. புள்ளியியலாளர் கையை நீட்டி இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்குகிறார். சத்தம் நிற்கிறது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்குகிறது. மருந்து நின்றால் அலற வேண்டிய மணி அலறவில்லை. எல்லாம் நலம் என்னும் பச்சை விளக்கு அப்படியே எரிகிறது. "சார், இதைக் கொஞ்சம் பாருங்க." மேலாளர் பார்க்கிறார். "பச்சைதானே எரியுது," என்று, பம்பை அனுப்பச் சம்மதக் கையெழுத்துப் போடும்படி பேனாவைப் புள்ளியியலாளர் பக்கம் நகர்த்துகிறார்.