மிதித்தால் மின்சாரம்

இப்போதெல்லாம் மனுஷன் சும்மா நடந்தால் யாருக்கும் பொறுப்பதில்லை. அதிலும் எதையாவது கறந்துவிடப் பார்க்கிறார்கள்.

என் மருமகள் பேட்டரி ஆராய்ச்சிக்காரி. ஷூவுக்குள் வைக்கச் சொல்லி ஒரு மெல்லிய தகட்டைக் கொடுத்தாள்.

"மாமா, மிதிச்சா இது வளையும். வளைஞ்சா உள்ள இருக்கிற உப்பு இடம் மாறி கரண்ட் வரும். ஒரு வாரம் போட்டு நடங்க. பலிக்கலேன்னா என் வேலை போயிடும்."

"உப்பு நகர்ந்தா கரண்டா? யார் காதுல பூ சுத்தறே?"

வாரம் முடிந்ததும் தகட்டோடு என்னையும் ஆபீசுக்கு இழுத்துப்போனாள். சேர்ந்திருந்த கரண்டை அளந்த மேலதிகாரி வாயைப் பிளந்தார்.

"பெரியவரே, தகடு போட்டு நடந்த எல்லாரையும் விட உங்களுதுதான் அதிகம்! இந்த வயசுல என்ன நடை! உன் வேலைக்கு இனி பயமில்லம்மா."

அப்போது என் போன் அடித்தது. மனைவி பேசினால் அறைக்கே கேட்கும்.

"ஏங்க, துணி துவைக்கிற மெஷின் மறுபடி ஆடுது! ஒரு வாரமா அது காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தீங்களே, அந்தத் தகட்டை எங்க தூக்கிட்டுப் போனீங்க?"

மருமகள் முகம் வெளிறியது. மேலதிகாரியோ துள்ளினார்.

"ஷூவை விடும்மா! இதை மெஷினுக்கே விக்கலாம்!"

மெஷின் ஆடுவதே கரண்டால்தான். அந்த ஆட்டத்திலிருந்து மறுபடி கரண்ட் எடுப்பார்களாம். நல்ல பிழைப்பு! தலையில் அடித்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.