பூச்சு

"நாளைக்கு அந்த ரிப்போர்ட் மேல போச்சுன்னா என் பட்டறைக்குப் பூட்டுதான், மச்சான்."

தங்கையின் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கை, வந்ததிலிருந்து கைக்குட்டையும் கண்ணுமாக இருந்தாள்.

எதிரே அண்ணன். குழாய் தயாரிக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி. அந்தக் குழாய்களுக்குக் குரோம் பூச்சுப் போட்டுக் கொடுப்பது தங்கை கணவரின் பட்டறை. உறவு ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று இத்தனை வருஷம் உரசாமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலை உரசிவிட்டது.

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போயிருந்தார் அதிகாரி. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் கடையிலிருந்து நேற்று வந்தது போலப் பளபளவென்று நின்றது. மோட்டார் மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பூச்சுத் தொட்டியின் கழிவுநீர் பின்சுவர் ஓரமாக ஒரு குழாய் வழியே நேரே தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஓடாத மெஷினை ஓடுதுன்னு நான் எப்படி எழுதுவேன், மாப்பிள்ளை?"

"ஓடாம இல்ல. யாராவது பார்க்க வந்தா ஓட்டுவோம்."

"அதுக்குப் பேர் ஓட்டுறது இல்ல, நடிக்கிறது."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

"உங்க கம்பெனிக்குப் பளபளப்பும் வேணும், சுற்றுச்சூழலும் வேணும். அந்த மெஷின் குடிக்கிற கரண்டுக்கு யார் அழறது?"

"அதுக்காகத்தானே விலையை ஏத்திக் கொடுத்தோம்? வாங்கிப் பையில போட்டுக்கிட்டீங்க. போன மாசம் பூச்சு உரிஞ்சு திரும்பி வந்த குழாயெல்லாம் யார் பட்டறையில பூசினது? ஒரே தண்ணியில திரும்பத் திரும்பக் கழுவினா பூச்சு எங்கே ஒட்டும்?"

மாப்பிள்ளை மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் பேசினா எடுபடாது. நீ கேளு. உன் கூடப் பிறந்தவர்தானே."

தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"தான் ஆடாட்டியும் தன் தசை ஆடும்னு சொல்வாங்க. உனக்கு அதுகூட இல்லையா, அண்ணா? ஆர்டர் நின்னா வேலை செய்யறவங்களுக்கு நாங்க என்ன பதில் சொல்றது? பசங்க படிப்பு என்ன ஆகும்?"

சமையலறை வாசலில் நின்றிருந்த அதிகாரியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டு மாப்பிள்ளையை உட்கார வெச்சு விசாரணையா நடத்துவாங்க? ஒரு வரியை மாத்தி எழுதினா உங்க கை சுளுக்கிக்குமா? ஊருக்கெல்லாம் நல்லவரா இருந்துட்டு சொந்தத் தங்கச்சி வயித்துல அடிக்கிறீங்களே."

"நீயும் சேர்ந்துக்காதே."

"சேராம? கல்லுகூட இதுக்குள்ள கரைஞ்சிருக்கும்."

தங்கை எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் அவருக்குத் தாங்காது. அவள் உடைத்த பொம்மைக்கெல்லாம் அடி வாங்கியது அவர்தான். இப்போதும் தாங்கவில்லை. ஒரு மாதம் தவணை கொடுத்தால் என்ன? ரிப்போர்ட்டில், 'இயந்திரம் பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு வார்த்தை. யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்க வேண்டியவரே அவர்தான். அதுதான் உறுத்தியது.

"சரி, அழாதே," என்றார் கடைசியில். குரல் அவருடையது போலவே இல்லை. "காலையில கம்பெனிக்குப் போறதுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்."

மாப்பிள்ளை முகத்துக்கு உயிர் வந்தது. "எனக்குத் தெரியும், மச்சான். உங்களால தங்கச்சியை விட்டுக் கொடுக்க முடியாது." எழுந்து அவர் தோளைத் தட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தப் படியிறங்கினார். அதிகாரியின் மனைவி, நாத்தனாருக்கு முகம் கழுவத் துண்டு எடுக்க உள்ளே போனாள்.

தங்கை அண்ணன் கையை விடவில்லை. அழுகை மட்டும் பட்டென்று நின்றுவிட்டது.

"யோசிக்கிறேன்னு ஏன் சொன்னே?"

அவருக்குப் புரியவில்லை. "நீதானேம்மா அழுதே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? அழலைன்னா வீட்டுல எனக்கு வாழ்க்கை இல்ல." அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "பட்டறைச் சாக்கடை ஊறிப் பக்கத்து வீட்டுக் கிணறு மஞ்சளாயிடுச்சு, அண்ணா. அந்தத் தண்ணியிலதான் அந்த வீட்டுப் பொண்ணு கைக்குழந்தையைக் குளிப்பாட்டுறா. குழந்தை உடம்பெல்லாம் புண்ணு. தினமும் பட்டறை மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன். இவர்கிட்ட சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். ஆர்டர் நின்னா ஒழிய அந்த மெஷின் ஓடாது."

வெளியே ஹாரன் அடித்தது.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டாள். கைக்குட்டையை எடுத்து மறுபடியும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"காலையில திரும்பவும் என்னைக் கூட்டிட்டு வருவார். இதைவிட அதிகமா அழுவேன், உன் கால்லகூட விழுவேன். நீ மட்டும் இளகிடாதே."